கோட்டையைக் கட்டியது பேயா?

பள்ளி விடுமுறை நெருங்கும் காலங்களில் நம்மவர் இல்லங்களில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதே அது. நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வினாவுக்கு இடமிருந்ததில்லை. தோட்டத்துத் திருவிழா, பக்கத்துத் தோட்டத்து உறவினர் வீட்டுக் கல்யாணம், சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்துப் படக்கொட்டகை ஆகிய இவற்றுக்கு அப்பால் அவர்கள் சென்றாரில்லை. இன்றோ மோட்டார் இருக்கிறது; நெடுஞ்சாலை இருக்கிறது; தவணையில் கடன் கொடுக்க வங்கியும் இருக்கிறது. ஆகவே வினாவும் இருக்கிறது.

இவ்வினாவுக்கு விடை பகர்வோர் இரு கட்சியினர். ஒரு கட்சியார் கேளிக்கைப் பூங்காவே பிள்ளைகளுக்கு உகந்த இடமென்பர். மற்றொரு கட்சியார், அங்கே பணமும் பொழுதும் பாழாகின்றன. அதனினும், கதைப்புத்தகத்திற் காண்பது போன்ற கோட்டை, பழைய ஊர், புராதனத் தீவு ஆகிய இடங்களுக்கு அழைத்துச் செல்லுதலே மேல் என்பர். நாம் இவ்விரண்டாம் கட்சியாரோடு நிற்கின்றோம். ஆனால் ஒரு நிபந்தனையோடு நிற்கின்றோம். கதை சொல்வதானால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். கோட்டையைக் காட்டிக் கட்டியவனை மறைப்பதாயின், அவ்விடமும் மற்றொரு கேளிக்கைப் பூங்காவேயாகும். சீட்டின் விலை மட்டுமே சிறிது குறைவு. நம் நாட்டில் நடப்பது பெரும்பாலும் இதுவே. இதனை எடுத்துக்காட்டிக் கண்டிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்காவின் கணக்கு

கேளிக்கைப் பூங்காக்களை நாம் பகைக்கவில்லை. செந்தோசாத் தீவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. ஜோகூரில் லெகோலாந்து 2012-ல் திறக்கப்பட்டது. கெந்திங் மலையில் இருந்த பழைய வெளிப்புறப் பூங்கா 2013-ல் மூடப்பெற்று, 2022-ல் புதியதொன்று தோன்றியது. அங்கே ஒரு குழந்தை சுழலும் வண்டியிலேறிக் கூச்சலிட்டு மகிழ்ந்தால், அதிற் குற்றம் காண நாம் முனிவரல்லோம்.

ஆனால் கணக்குப் பார்ப்பது நம் உத்தியோகம். இந்நாட்டில் 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என நால்வர் ஒரு நாள் பூங்காவுட் புகுவதற்கே பல நூறு வெள்ளி வேண்டும். தங்கும் அறை, உணவு, எண்ணெய்ச் செலவு, திரும்பும் வழியில் அழுது வாங்கும் பொம்மை ஆகிய இவற்றையும் பற்றெழுதிப் பார்த்தால், ஏழைத் தொழிலாளியின் ஒரு மாத உழைப்பில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகர்களே கூட்டிக் கழித்துக் கொள்ளலாம். அச்செலவுக்கு ஈடாகப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவது யாது? வெயிலில் வரிசை பிடித்து நின்ற ஞாபகமும், கைப்பேசியில் நூறு படங்களுமே.

அங்கே காட்டப்படும் அற்புதக் கோட்டையின் பிறப்பையும் சற்று ஆராய்வோம். 1955-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அதன் நடுவே எழுப்பிய கோட்டைக்கு ஜெர்மனியின் பவேரியா நாட்டிலுள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையே தூண்டுகோலாயிற்று. அந்தக் கோட்டையாவது பழமையானதா? அன்று. இரண்டாம் லூட்விக் என்னும் அரசன், இடைக்காலத்து வீரர்களின் கோட்டைகளைக் கனவு கண்டு, அவற்றைப் போலவே வேண்டுமென்று 1869-ல் கட்டத் தொடங்கினான். 1886-ல் அவன் இறக்கும்போதும் வேலை முடிந்தபாடில்லை. ஆகவே பூங்காவிற் காண்பது நகலுக்கு நகல். நம் பிள்ளைகள் பணங்கொடுத்துப் பார்ப்பது அதனையே.

கதையைக் கேளிக்கையாக்கினால் லாபமாவது வருமா என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்றுண்டு. புலித் தைல வியாபாரத்தில் செல்வம் ஈட்டிய ஆவ் பூன் ஹாவ் என்னும் சீனக் கனவான் 1937-ல் ஹாவ் பார் வில்லாவை அமைத்தார். சீனர்களின் புராணங்களும் நீதிக்கதைகளும் அங்கே வண்ணச் சிலைகளாய் நிற்கின்றன. பாட்டன் பேரனைக் கையிற் பிடித்துச் சிலைதோறும் நின்று கதை சொல்லும் தோட்டமாக அது நெடுங்காலம் விளங்கியது. 1990-ல் பெரும் பொருள் செலவிட்டு அதனைப் படகும் காட்சிமேடையும் கொண்ட கட்டணப் பூங்காவாக மாற்றினார்கள். விளைவு நஷ்டமே. 2001-ல் கட்டணம் நீக்கப்பட்டுப் பழைய தோட்டமாயிற்று. கதையைக் கதையாக விட்டிருந்தபோது வந்த ஜனங்கள், அதை வேடிக்கையாக விற்றபோது நிலைக்கவில்லை.

மேளமில்லா வீதி

இனி இரண்டாம் கட்சியார் புகழும் இடங்களைக் காண்போம். இவையும் எல்லாம் ஒரு தரத்தனவல்ல. பகாங்கில் புக்கிட் திங்கி மலைமீது, பிரெஞ்சு தேசத்துக் கொல்மார் நகரைப் போல ஒரு சிற்றூரை அமைத்திருக்கிறார்கள். வீடுகள் அழகியவை, படமெடுக்க ஏற்றவை. ஆனால் அவ்வூரில் பிறந்தவரென்று எவருமில்லை, இறந்தவரென்று எவருமில்லை. எக்கதையும் அங்கே நிகழவில்லை. அட்டை அழகாயிருக்கிறது, புரட்டினால் உள்ளே ஏடு வெறுமை.

மெய்யாகவே கதை பிறந்த ஊர்கள் வேண்டுமானால் ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும். கிரிம் சகோதரர்களின் பெயரால், அவர்கள் பிறந்த ஹனாவ் நகரம் தொடங்கி வடக்கே பிரேமன் துறைமுகம் வரை, சுமார் 600 கிலோமீட்டர் தூரத்துக்குக் 'கதைப் பாதை' என்று ஒன்றை அந்நாட்டார் 1975-ல் வகுத்தனர். யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் அவ்விருவரும் ஜனங்கள் சொல்லக் கேட்ட கதைகளைத் திரட்டி 1812-ல் முதற்பாகத்தை வெளியிட்டனர். ஆங்கிலப் பள்ளியில் வளர்ந்த நம் போன்றோருக்கு இக்கதைகள் நம் பாட்டிமார் சொன்ன கதைகளினும் மனப்பாடம். அது பெருமைப்படத்தக்கதா என்பது வேறு விஷயம்.

அப்பாதையிலுள்ள ஊர்களில் ஒன்று ஹாமெலின். குழலூதி ஒருவன் எலிகளையெல்லாம் தன் இசையால் ஈர்த்து ஆற்றிற் கொண்டுபோய் மூழ்கடித்தான். பேசிய கூலியை ஊரார் கொடுக்க மறுத்தனர். அவன் மீண்டும் வந்து குழலூத, ஊர்ப் பிள்ளைகள் 130 பேரும் அவன் பின்னே சென்று மறைந்தனர். கதை இதுவே. நிகழ்ந்த ஆண்டு 1284 என்று அவ்வூரார் குறித்து வைத்திருக்கின்றனர். பிள்ளைகள் நடந்து சென்றதாகக் கூறப்படும் தெருவுக்கு 'மேளமில்லா வீதி' என்று பொருள்படும் பெயர். இன்றளவும் அங்கே வாத்தியமும் ஆட்டமும் கூடாது. கல்யாண ஊர்வலமேயாயினும் அத்தெருவுக்குள் நுழையும்போது வாத்தியம் நின்றுவிட வேண்டும்.

வாசகர்களே, சற்று யோசியுங்கள். அவ்வூரார் குழலூதியை வைத்துப் பணம் பண்ணவில்லையா? பண்ணுகிறார்கள். எலி உருவத்தில் பொம்மைகள் விற்கிறார்கள், நாடகம் நடத்துகிறார்கள். எனினும், ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் போய்விட்ட பிள்ளைகளுக்காக ஒரு தெருவை மௌனமாக வைத்திருக்கிறார்கள். வேடிக்கைக்கு எல்லை உண்டு என்பதை உணர்ந்த ஊர் அது.

இக்கதையில் நமக்கென்றே மற்றொரு பாடமும் அடங்கியிருக்கிறது. எலிகளைப் பற்றிய பகுதி 16-ஆம் நூற்றாண்டிலேதான் கதையிற் சேர்ந்தது. அதற்கு முந்திய குறிப்புகளில் வண்ண உடை தரித்த ஒருவன் வந்தான், 130 பேரை அழைத்துச் சென்றான் என்று மட்டுமே காணப்படுகிறது. ஆகவே ஆராய்ச்சியாளர் பலர் கூறும் கருத்து இது: போனவர்கள் பச்சைக் குழந்தைகளல்லர், அவ்வூரின் இளைஞர்களும் யுவதிகளுமே. அக்காலத்தில் கிழக்குத் திசைப் பிரதேசங்களில் குடியேற்றுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். பகட்டான உடையுடுத்தி, இனிக்கப் பேசி, ஊரூராய்ச் சென்று ஆள் திரட்டுவோர் இருந்தனர். அத்தகையோன் ஒருவனே காலப்போக்கில் குழலூதியானான் என்பர்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் குழலூதியை நாம் அறியோமா? நன்றாய் அறிவோம். நம் ஊரில் அவனுக்குக் கங்காணி என்று பெயர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்ட பின்பும், கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே கோட்டும் தலைப்பாகையுமாய்த் திரும்பி வந்தான். அக்கரைச் சீமையின் அருமை பெருமைகளைத் திண்ணையிலமர்ந்து பேசினான். தலைக்கு இவ்வளவு என்று தரகு பெற்றான். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஒரு பக்கம் விரட்ட, அவன் பேச்சு மறுபக்கம் இழுக்க, நம் முன்னோர் அவன் பின்னே நடந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். பினாங்குக்கருகே ஜெரெஜாக் தீவு முகாமில் அடைபட்டுக் கிடந்தனர். பின்னர் தோட்டந்தோட்டமாய்ப் பங்கிடப்பட்டனர். 1938-ல் இந்திய அரசாங்கம் தடைவிதிக்கும் வரை இது நடந்தது. ஹாமெலினிலிருந்து போனவர் 130 பேர். நம்மில் போனவர் லட்சக்கணக்கினர். நாம் எந்தத் தெருவை மௌனமாக வைத்திருக்கிறோம்?

கிந்தா ஆற்றுப் பக்கத்தில் ஒரு கோட்டை

தெரு இல்லை. ஆனால் ஒரு கோட்டை இருக்கிறது. பேராக்கில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றுக்கு அருகே ஒரு மேட்டின்மீது கெல்லீஸ் கோட்டை நிற்கிறது. ஆறடுக்குக் கோபுரம்; வளைவு வளைவான வாயில்கள்; வெயிலிலும் மழையிலும் நிறம் மாறிய செங்கற் சுவர்கள். கண்ட மாத்திரத்தில் எப்பிள்ளையும் இது அரசன் வாழ்ந்த அரண்மனை என்றே எண்ணும். அரசர் எவரும் அங்கே வாழ்ந்ததில்லை. வாழ எண்ணியவர் ஒரு தோட்டத் துரை.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-ல் ஸ்காட்லாந்திலுள்ள கெல்லாஸ் என்னுமிடத்திற் பிறந்தவர். 1890-ல், தமது இருபதாம் வயதில், மலாயாவுக்கு வந்தார். அல்மா பேக்கர் என்பாரின் நில அளவைத் தொழிலிற் சேர்ந்து பொருள் சேர்த்தார். கிந்தா ஜில்லாவில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி அழித்து ரப்பர் நட்டார், ஈயமும் எடுத்தார். பிறந்த ஊரின் நினைவாகத் தோட்டத்துக்குக் 'கிந்தா கெல்லாஸ்' என்று பெயரிட்டார். முன்னரே ஒரு மாளிகை இருந்தும் மனம் அமையாமல், 1915-ல் மகன் பிறந்ததையொட்டி இக்கோட்டையை எழுப்பத் தொடங்கினார். மேல்தளத்தில் விருந்து மண்டபம், உள்ளே டென்னிஸ் ஆடுமிடம், மலாயா அதுவரை காணாத மின்தூக்கி என்று அவர் திட்டங்கள் விரிந்தன. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றை அடுக்கிக் கட்டும் கைவினைஞர்களும் சென்னை ராஜதானியிலிருந்தே கப்பலேறி வந்தனர். அவர்கள் 70 பேர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு.

கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கையில் 1918-ஆம் ஆண்டின் உலகளாவிய விஷக்காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. தோட்டத்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அந்நோய்க்கு அன்று உலகில் எங்கும் மருந்து இருந்ததில்லை. எஞ்சியோர் துரையிடம் சென்று ஒரு கோயில் கட்டித்தர வேண்டினர். அவரும் இசைந்தார். கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் அந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் மேற்கட்டில், தெய்வ உருவங்களோடு உருவமாக ஸ்மித் துரையும் நிற்கின்றார். நன்றியறிதலால் தொழிலாளரே அவரை அங்கே வைத்தனர்.

1926-ல் ஐரோப்பாவுக்குச் சென்ற ஸ்மித், போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் நுரையீரல் காய்ச்சலால் இறந்தார். மனைவி மக்கள் இங்கே திரும்பி வாழவில்லை, சொத்து கைமாறியது. கோட்டை பாதியில் நின்றது. மின்தூக்கிக்கென்று விட்ட நெட்டையான வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறது. 1999-ல் 'அன்னாவும் அரசரும்' பற்றிய ஆங்கிலப் படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. இன்று பேராக்கின் பெயர் பெற்ற சுற்றுலா ஸ்தலங்களுள் அதுவும் ஒன்று.

பேய்க்கும் சாதியுண்டு

இத்தனை பெரிய கதை கையிலிருக்க, அங்கே வருவோருக்குச் சொல்லப்படுவது என்ன? பேய்! சுற்றுலா விளம்பரங்களிலும், வழிகாட்டிகளின் வாயிலும், ஊரார் பேச்சிலும் முன்நிற்பது பேய்க்கதையே. ஸ்மித்தின் ஆவி நடைவெளியில் உலாவுகிறதாம். சிறுமியொருத்தி அறையில் தோன்றுகிறாளாம். சுரங்கவழியில் சத்தம் கேட்கிறதாம். நம்மவர் பிள்ளைகளை அழைத்துப்போய், இருட்டான படிக்கட்டில் நிறுத்தி, "அதோ பார், துரையின் பேய்!" என்று பயங்காட்டிச் சிரிக்கின்றனர். பிள்ளை அலறுகிறது, தகப்பனார் படமெடுக்கிறார். உல்லாசப் பிரயாணம் இனிது முடிகிறது.

நாம் இக்கனவான்களைச் சில கேள்விகள் கேட்கிறோம். ஸ்மித் துரை இறந்தது லிஸ்பனில். அங்கிருந்து பத்து காஜாவுக்கு அவர் ஆவி வந்ததென்றால், எந்தக் கப்பலில் வந்தது? கட்டணம் கொடுத்தவர் யார்? உயிரோடிருந்தபோது ஒரு நாளேனும் முற்றும் குடியேறி வாழாத வீட்டுக்கு இறந்தபின் வந்து காவல் காப்பானேன்? பகுத்தறிவுள்ளவர் ஒரு நிமிஷம் சிந்தித்தால் இந்தப் புரளி புகையாய்ப் பறந்துவிடும்.

அது ஒருபுறம் கிடக்கட்டும். பேய்க்கதை சொல்வதிலும் இவர்களுடைய பாரபட்சத்தைப் பாருங்கள். மாண்டவர்கள் அங்கே தொழிலாளர்கள். காய்ச்சலில் கூட்டங்கூட்டமாய்ப் போனவர்கள் அவர்கள். அப்படியிருக்க, செங்கல் சுமந்த முனியனின் ஆவி வருகிறதென்றோ, சுண்ணாம்பு குழைத்த அஞ்சலையின் ஆவி அழுகிறதென்றோ சொல்லக் கேட்பது அரிது. வருவது துரையின் ஆவியே. தோன்றுவது துரை வீட்டுச் சிறுமியே. உயிரோடிருந்தபோது பங்களாவுக்குள் நுழையக்கூடாத கூலி, இறந்தபின் பேயாகவும் நுழையக்கூடாது போலும்! சாதியும் நிறமும் சுடுகாட்டோடு முடியும் என்பார்கள். இவர்கள் அதற்கப்பாலும் அவற்றைக் கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்மித்தின் பிறந்த ஊரை நாம் அறிவோம். வந்த ஆண்டை அறிவோம். இறந்த நகரையும் நோயையும் அறிவோம். அந்த 70 பேரில் ஒருவர் பெயராவது எங்கும் பரவலாகச் சொல்லப்படுகிறதா? இல்லை. தோட்டத்து ஆபீஸில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இது ஏன் நெஞ்சைச் சுடுகிறதென்றால், பெயரில்லாமல் எவனும் தோட்டத்தில் வேலை செய்ததில்லை என்பதை நாம் அறிவோம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்த பின்னரே ஆள் வேலைக்காட்டுக்குப் போவான். அரை நாட்பேர் பிடித்தமானாலும் பெயருக்கு நேரேதான் பிடிக்க வேண்டும். செத்தவன் பெயரைக் கோடிட்டு அடிப்பதும் அந்தப் புத்தகத்திலேதான். கூலி பிடிப்பதற்குப் பெயர் வேண்டியிருந்தது. கதை சொல்வதற்கு மட்டும் பெயர் வேண்டாமற் போயிற்றா?

கோயில் மேற்கட்டில் துரையை வைத்த தொழிலாளரை நாம் பழிக்கவில்லை. நன்றி மறவாமை நற்குணமே. ஆனால் பிள்ளைக்கு அதனைக் காட்டும் தகப்பன், "துரை எவ்வளவு நல்லவர், பார்" என்பதோடு நிறுத்திவிடலாகாது. கோயில் ஏன் வேண்டியதாயிற்று, எத்தனை வீடுகளில் விளக்கணைந்த பிறகு வேண்டியதாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இடங்கொடுத்தவர் தெய்வங்களோடு நிற்கிறார். உயிர் கொடுத்தவர் மனிதரோடும் நிற்கவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளையின் கண்ணுக்குக் காட்டினால், அது ஆயுளுக்கும் மறவாது.

பிள்ளைகள் தாங்குவார்களா?

"விடுமுறைக்கு மகிழ்ச்சியாய்ப் போகுமிடத்தில் இந்தச் சோகமெல்லாம் எதற்கு? பிஞ்சு மனம் நொந்து போகாதா?" என்று சிலர் ஆட்சேபிப்பர். பேயைக் காட்டிப் பிள்ளையை நடுங்க வைப்பவர்களே இவ்வாறு கேட்பது விந்தையினும் விந்தை. பொய்யைக் கேட்டு நடுங்கலாமாம். மெய்யைக் கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாதாம்!

பிள்ளைகளின் மனத்தை இவர்கள் அறிந்தாரில்லை. உலகப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் கதைகள் எவை? ஹான்ஸல், கிரேட்டல் கதை, பஞ்சத்தில் சோறின்றிப் பெற்றவர்களே மக்களைக் காட்டில் விட்டுவந்த கதை. அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை. பசியும் பிரிவும் அநியாயமும் கதைக்குள் இருப்பதாலேயே பிள்ளைகள் "அப்புறம்?" என்று கேட்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய பஞ்சத்தையும், அதன்பின் கடல் தாண்டிய ஜனங்களையும், காட்டை வெட்டியதையும், கோட்டை கட்டியதையும், காய்ச்சல் வந்ததையும், கட்டி முடியாமலே துரை போனதையும் வரிசையாய்ச் சொல்லிப் பாருங்கள். இதற்கு மிஞ்சிய கதை எந்தப் புத்தகத்திலிருக்கிறது? கோபுரத்தில் ஏறி ஓடலாம், மின்தூக்கியில்லாத தூக்கிக் குழியை எட்டிப் பார்க்கலாம், ஒரு செங்கல்லைத் தொட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கலாம். மகிழ்ச்சிக்கும் குறைவில்லை.

கதையின் கருவை விட்டுக் கூட்டை விற்கும் இவ்வழக்கம் கெல்லீஸ் கோட்டையோடு நிற்கவில்லை. லங்காவித் தீவைப் பாருங்கள். கெடாவின் பழைய நூலாகிய மெரோங் மகாவங்ச சரித்திரத்தில், ரோம் தேசத்து இளவரசனுக்கும் சீனத்து இளவரசிக்கும் நடக்கவிருந்த மணத்தைத் தடுப்பேன் என்று சுலைமான் நபியிடம் சூளுரைத்த கருடன், இளவரசியைக் கொண்டுவந்து ஒளித்து வைத்த தீவு அதுவே. இதனினும் சிறந்த கதைநிலம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்? அத்தீவிலேதான் மாசூரியின் சமாதியும் இருக்கிறது. கணவன் போருக்குச் சென்றிருக்க, பொறாமையால் அவதூறு பேசினர். கற்பிழந்தாள் என்று முறையான விசாரணையின்றிக் கொன்றனர். வெண்ணிற இரத்தம் வடிந்தது. ஏழு தலைமுறைக்குத் தீவு தழைக்காது என்று அவள் சபித்தாள் என்பது கர்ணபரம்பரை. 1821-ல் சயாமியர் படையெடுத்துத் தீவு பாழானதும் அந்தச் சாபத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

பிரயாணிகள் அங்கே கேட்டு வருவது சாபத்தையும் வெண்குருதியையும் மட்டுமே. ஒரு பெண்ணின்மீது ஊரார் கூசாமற் கூறிய பழி ஓர் உயிரைக் குடித்தது என்பதே கதையின் உயிர். நம் பெண்மக்களை அங்கே நிறுத்தி, "வதந்தியை நம்பி ஒருத்தியைக் குற்றவாளியாக்குவது கொலைக்குச் சமம்" என்றும், ஆண்மக்களை நிறுத்தி, "அவ்வதந்தியைப் பரப்புகிறவனும் குத்துவாள் பிடித்தவனே" என்றும் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்? சாபம் நீங்கிற்றா என்று விசாரிப்போர் பலர். அவதூறு நீங்கிற்றா என்று விசாரிப்போர் சிலரே.

முழுக்கதை சொல்லப்படாத இடம் நெடுநாள் நிற்பதுமில்லை. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, சோழ நாட்டார் கடாரமென்றழைத்த தொன்மையான துறைமுக நாகரிகத்தின் எச்சங்கள் புதைந்துள்ள பூமி. 2013-ஆம் ஆண்டு அங்கே பதினொன்றாம் எண் சண்டி என்று குறிக்கப்பெற்ற புராதனக் கோயிலின் அடித்தளத்தை வீடமைப்பு வேலைக்காக இயந்திரம் கொண்டு தரைமட்டமாக்கிவிட்டனர். செய்தி வெளியான பின்னரே நாடு திடுக்கிட்டது. குடும்பங்கள் பிள்ளைகளோடு ஆண்டுதோறும் சென்று நின்று கதை பேசிய இடமாக அது இருந்திருந்தால், மண்வாரி இயந்திரம் அவ்வளவு துணிவாய் நுழைந்திருக்குமா? பூங்காவின் முன்னே மைல் நீளத்துக்கு மோட்டார்கள் நிற்கின்றன. நம் முன்னோர் மிதித்த மண்ணின் முன்னே நிற்க ஆளில்லை.

செய்யத்தக்கது

குறை கூறுவதோடு நில்லாமல் செய்யத்தக்கதையும் சொல்வோம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பாட்டியோ பெரியப்பாவோ உயிரோடிருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் துறையில் இறங்கினோம், முதலில் எந்தத் தோட்டம், யார் காய்ச்சலில் போனார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகளைக் கொண்டே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். இன்று எழுதாவிடின் இனி எழுத இயலாது. சொல்வோர் நாளுக்கு நாள் குறைகின்றனர்.

இரண்டாவது, கெல்லீஸ் கோட்டைக்குச் செல்வோர் கோட்டையோடு திரும்பிவிடாமல் ஒன்றரைக் கிலோமீட்டர் அப்பாலுள்ள கோயிலையும் காண வேண்டும். தெய்வத்தில் நம்பிக்கையுள்ளோர் கும்பிடட்டும். இல்லாதோர் கும்பிட வேண்டாம். கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும், அது நம்மவர் கட்டிய நினைவுச்சின்னம் என்பதில் இருவர்க்கும் பேதமில்லை.

மூன்றாவது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் சங்கத்தாரும் சுற்றுலா ஏற்பாடு செய்யும்போது வழிகாட்டியிடம் பேய்க்கதை வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "செங்கல்லைச் சுமந்தவர் யார்? அவர் நாட்கூலி எவ்வளவு? எங்கே புதைக்கப்பட்டார்?" என்று மாணவர்களே வினவட்டும். கேள்வி கேட்கும் மாணவர் கூட்டம் பத்துத் தடவை வந்து போனால், பதில் தேட வேண்டிய கடமை பொறுப்பாளரைச் சாரும். சென்னைத் தொழிலாளரின் உழைப்பை விளக்கும் பலகையொன்று, தேசிய மொழியோடு தமிழிலும், கோட்டையின் தலைவாயிலில் பளிச்சென நிற்கும்படி அதிகாரிகளுக்கு விண்ணப்பம் செய்வதும் சங்கங்களின் வேலையே. பட்டிமன்றத்துக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் நூற்றிலொரு பங்கு இதற்குப் போதும்.

நான்காவதாக, பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். குழலூதி இறந்துவிடவில்லை. இன்று நம் செம்பனைத் தோட்டங்களின் செக்ரோலைத் திறந்தால் இந்தோனேசியர் பெயர்களும் வங்காளதேசத்தார் பெயர்களும் நிரம்பிக் கிடக்கின்றன. அவர்களும் தரகன் பேச்சைக் கேட்டு, கடன்பட்டு, கடல் தாண்டி வந்தவர்களே. நம் பாட்டனுக்கு நேர்ந்ததைத் தெரிந்த பிள்ளை, அவர்களை இகழ்ந்து பேசாது. கோட்டைக்கதையை முழுமையாய்ச் சொல்வதால் விளையும் பெரும்பயன் இதுவே.

தோழர்களே! கோட்டையைக் கட்டியது பேயன்று. நம் இரத்தமும் நம் இனமுமான மனிதர்கள் கட்டினார்கள். ஹாமெலின் ஊரார் 130 பேருக்காக ஒரு தெருவில் மேளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வருகிற விடுமுறையில் கெல்லீஸ் கோட்டையின் படியேறும் நம்மவர், அம்மனிதர்களுக்காக ஒரு மணி நேரம் பேய்க்கதையை நிறுத்தி வைப்பார்களா?